மூடாத மூன்று கூடுகள்

கெட்டில் க்ரீக், மொன்டானா
அக்டோபர் 4, 1974

அன்புத் தம்பி ஆர்லோவுக்கு,

கர்த்தர் உன்னோடிருப்பாராக. இந்த ஊரை விட்டுப் போன மூன்று வருஷத்தில் நீ எனக்கு அனுப்பியது கிறிஸ்துமஸ் அட்டைகள் மட்டும்தான். போகட்டும். இப்போது கேட்பது உன் தொழில் விஷயம். துப்பாக்கி பழுதுபார்க்கிறவன் இதற்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்க் மான் வேட்டை 20ஆம் தேதி தொடங்குகிறது. உன் அத்தான் லைலுக்குத் தோட்டா அடைப்பது நான்தான். காப்பி டின்னில் கிடந்த, சுட்டு முடித்த பழைய பித்தளைக் கூடுகளில் இருபதைத் துடைத்து, வழக்கம்போல அச்சில் கொடுத்து, குண்டு உட்காரும் கழுத்தை மட்டும் சுருக்கினேன். நீளமும் சரியாக இருக்கிறது. மருந்து போடுமுன் வெறுங்கூட்டை அவர் துப்பாக்கிக்குள் விட்டுப் பார்த்தால், சிலவற்றுக்கு, பின்னால் தாழ்ப்பாள் போல அடைக்கும் போல்ட் மூட மாட்டேன் என்கிறது.

"உள்ளங்கையால ஒரு தட்டு தட்டுடி, மூடிக்கும்" என்கிறார் அத்தான். கரடி திரியும் மலையில் தோட்டா சிக்கிக்கொண்டால் யார் தட்டுவது?

உன் அக்கா,
வெர்னா

ஸ்போகேன்
அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தட்டவே தட்டாதே.

வெறுங்கூட்டை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கு. ஆறியதும் மெல்ல உள்ளே விட்டு எடு. எங்கே கரி உரசிப் போயிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. கழுத்துக்குக் கீழே சரிகிற தோளில் இடித்தால், எத்தனை கூடுகள் என்று பார். எல்லாமே என்றால் அச்சை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு. ஒன்றிரண்டு மட்டும் என்றால், அவை வேறு துப்பாக்கியில் சுட்டவை. சுடும்போது பித்தளை அந்தத் துப்பாக்கியின் அளவுக்கே ஊதிவிடும். கழுத்தை மட்டும் சுருக்கினால் தோள் இறங்காது.

யாருடையதாவது கலந்துவிட்டதா?

ஆர்லோ

கெட்டில் க்ரீக்
அக்டோபர் 11

தம்பி,

பதினேழு கூடுகள் நெய் போல வழுக்கி இறங்குகின்றன. மூன்று மட்டும் இடிக்கின்றன. மூன்றிலும் தோளில்தான் கரி போயிருக்கிறது.

இந்த டின்னில் யாரும் கை வைப்பதில்லை. இந்த ரகத் தோட்டா போடும் இன்னொரு துப்பாக்கி எனக்குத் தெரிந்து உன்னுடையதுதான். அதை வாங்கிய பிறகு நீ அவரோடு மலைக்குப் போனது ஒரே ஒரு நாள். கரடி வந்த நாள்.

"மூணு தடவ சுட்டேன் அக்கா" என்று என் சமையலறையில் நின்று அழுதாய். அவரோ சபை நடுவில் எழுந்து, "மச்சான் ஒரு குண்டுகூட சுடாம ஓடிட்டான், கர்த்தர்தான் என்னைக் காப்பாத்தினாரு" என்று சாட்சி சொன்னார். மறுநாள் அந்த இடத்தைத் தேடிப் பார்த்ததாகவும், ஒரு கூடுகூட இல்லை என்றும் சொன்னார். நான் அவரை நம்பினேன்; நீ ஊரை விட்டுப் போனாய்.

வெர்னா

ஸ்போகேன்
அக்டோபர் 15

அக்கா,

அந்த மூன்றையும் குப்பையில் போடு. அத்தானிடம் கேட்காதே. அந்த வீட்டில் அவரோடு வாழ வேண்டியவள் நீ. எனக்கு இங்கே பழகிவிட்டது.

ஆர்லோ

கெட்டில் க்ரீக்
அக்டோபர் 18

என் அருமைத் தம்பிக்கு,

நேற்று ஜெபம் பண்ணிவிட்டு, இரவுச் சாப்பாட்டுத் தட்டில் உருளைக்கிழங்குக்குப் பதிலாக அந்த மூன்றையும் வைத்தேன்.

"என்னடி இது?"

"மூடாத கூடு. யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்ல பித்தளை. விட்டுட்டு வர மனசு வரல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும், சபைக்குப் போதாது.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் மலையேறத் துடிக்கிறார். பதினேழு தோட்டாக்களையும் அடைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டேன். சாவி என் வேதாகமப் பைக்குள் இருக்கிறது. சாட்சி சொல்லும் வேளையில் அவர் எழுந்தால் சாவி அவருக்கு. எழாவிட்டால் மூன்று கூடுகளோடு நான் எழுவேன்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் அடுத்த ஞாயிறு சபைக்கு வா. இடது பக்கம், மூன்றாவது பெஞ்சு. என் பக்கத்தில் யாரையும் உட்கார விடமாட்டேன்.

உன்னை நம்பாமல் போன அக்கா,
வெர்னா