பிடுங்காமல் விட்ட ஜன்னல்கள்

இன்று அலமாரியை ஒழித்தபோது உன் ஆல்பம் கிடைத்தது. பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் புளித்த வாசனை. ஜெலுத்தோங் வீட்டின் சொந்தக்காரர் நாம் மாட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கி, பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

வீடு புதுப்பிக்கும் நம் தொழிலில் நான் கொத்தன், மற்ற எல்லாமும் நீ. சனிக்கிழமைதோறும் அந்த வாரம் முடிந்த வேலைக்குப் பக்கத்தில் வீட்டின் சொந்தக்காரரை நிறுத்திப் படம் எடுப்பாய். படத்தைப் பிரிண்ட் போட்டு, பின்னால் அவர் கையெழுத்தையும் வாங்குவாய். "கல்யாண வீடா இது?" என்று கேலி செய்வேன். "நீங்க சுவத்தப் பாருங்க, நான் ஆளப் பாத்துக்கிறேன்லா" என்பாய்.

ஜெலுத்தோங்கில் பாதி வேலை முடிந்து, சமையலறைக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்த நேரம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அவர் ஒரே வாட்ஸ்அப்பில் முறித்தார். அவர் மச்சான் மலிவாகச் செய்து தருகிறாராம். அத்தோடு விட்டாரா? நம் வேலை படுமட்டம் என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். இருபது வருடமாகச் சேர்த்த பெயர். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடப்பாரையைத் தூக்கி லோரியில் போட்டேன். ஜன்னலுக்கு அவர் இன்னும் பணம் தரவில்லை, ஆகவே ஜன்னல் நம்முடையது, போய்ப் பிடுங்கி வந்துவிடலாம் என்பது என் நினைப்பு. நம் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நீயும் லோரியில் ஏறி உட்கார்ந்தாய். அவர் மனைவி கேட்டைத் திறந்ததும் என்னிடம் சொன்னாய்: "ஜன்னலத் தொடாதீங்க. மாட்டிட்டா அது அவங்க வீடு. மழ வரப் போவுது, மொதல்ல கூரைய மூடுங்க."

"நம்மள வேணாம்னு சொன்னவனுக்கா?"

"தொறந்தது நாமதானே?"

பல்லைக் கடித்துக்கொண்டு கேன்வாஸ் கட்டினேன். மேலும் நட்டம் சேரக் கூடாது என்று, சொல்லி வைத்திருந்த டைல்ஸையும் அன்றே நிறுத்தினாய்.

மறுநாள் நாம் போய்ப் பார்த்த வக்கீலம்மா நம் வழிகளை விளக்கினார். வீட்டுக்காரர் முறித்ததை ஏற்றுக்கொண்டு, செய்த வேலைக்கும் வாங்கிய சாமானுக்கும் கேட்கலாம். கைநழுவிய லாபத்தையும் கேட்கலாம். முதலில் நோட்டீஸ், மசியாவிட்டால் கோர்ட். "ஜன்னலப் பேத்திருந்தா அவரு உங்க மேல கேஸ் போட்டிருப்பாரு அண்ணே" என்றார். நான் உன் பக்கம் திரும்பவில்லை. நல்லவேளை, நீயும் திரும்பவில்லை.

நோட்டீஸ் போனதும் வீட்டுக்காரர் தன் வக்கீலோடு பேச வந்தார். வேலை மோசம் என்றே ஆரம்பித்தார். நீ ஆல்பத்தை மேசையில் விரித்தாய். வாராவாரம் அதே பல், அதே கட்டைவிரல், பின்னால் அவர் கையெழுத்து. அவருடைய வக்கீலே குனிந்துகொண்டு சிரித்தார். செய்த வேலைக்குப் பணம் கொடுக்க வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். லாபத்தைப் பற்றி வக்கீலம்மா வாயெடுக்கும் முன் நீ முந்திக்கொண்டாய்: "லாபம் வேணாம். வேலையில கொற இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கோயில்ல யார்கிட்டலாம் சொன்னாரோ, அவங்ககிட்டலாம் அவரே கொண்டுபோய்க் குடுக்கட்டும்." இவள் என் பொண்டாட்டி என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் கொண்டுபோயும் கொடுத்தார். உன் இறுதிச் சடங்குக்கும் வந்தார். "அந்த ஜன்னல்ல இன்னிக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரலம்மா" என்று உன் காலடியில் நின்று சொன்னார். உனக்குக் கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன்.

இப்போதும் யாராவது ஒப்பந்தத்தை முறித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அது மாறவில்லை. ஆனால் பிரித்த கூரையை மூடிவிட்டுத்தான் வக்கீலம்மாவுக்குப் போன் போடுகிறேன். போன வாரம்கூட, வேண்டாம் என்றவர் வீட்டுக்கு எதற்கு உழைப்பது என்று ஒரு புது ஆள் முணுமுணுத்தான். நான் வாயைத் திறக்கும் முன், உன்னைத் தெரிந்த பழைய ஆள் ஏணியில் நின்றபடியே சொன்னான்: "அக்கா இருந்தா மூடத்தான் சொல்லுவாங்க. கயித்தப் புடி."