பதினான்காம் வீட்டுக் கேள்விக்குப் போட்ட பூஜ்யம்

அனுப்புநர்:
வரலாற்று ஆசிரியர், ஒன்பதாம் வகுப்பு,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: வாசிப்புத் தேர்வின் விடைக்குறிப்பைத் திருத்தவும், ஒரு மாணவியின் பிரிவு மாற்றத்தை நிறுத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இனப்படுகொலைப் பாடத்துக்கு வாசிப்புத் தேர்வு வைக்கும்படி தங்கள் அலுவலகம் உத்தரவிட்டது. வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் தயாரித்தவன் நானே. ஆகவே இது என்மீதே நான் கொடுக்கும் புகார்.

2. கொடுத்த பகுதி, ஒரே தெருவிலிருந்து கொல்வதற்காகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பட்டியல். பதினான்காம் வீட்டின் கடைசி வரி: "பெண் குழந்தை, வயது இரண்டு, வீட்டில் கூப்பிடுவது பட்டுக்குட்டி." கேள்வி: பட்டியலில் இருப்பது யார் கொடுத்த தகவல்? விடைக்குறிப்பு: அரசு எழுத்தர். நாற்பத்தொரு பேர் அப்படியே எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கினார்கள்.

3. ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதினாள்: "பக்கத்து வீட்டுக்காரர். பட்டுக்குட்டி என்ற பெயர் எழுத்தருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர்தான் சொல்லியிருக்க வேண்டும்." அதற்கு மேல் கை ஓடவில்லையாம், மீதித்தாள் வெறுமையாக இருந்தது. நான் பூஜ்யம் போட்டேன். 'பாடத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்' என்று ஓரத்தில் அறிவுரை வேறு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் கெடுத்தேன்.

4. தாளை வாங்கியவள் மதிப்பெண் கேட்கவில்லை. "சார், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அப்புறமும் அந்தத் தெருவுலதான் இருந்தாரா?" என்று கேட்டாள். பதினொரு ஆண்டுகளாக அந்தப் பட்டியலை வருகைப்பதிவு போல வாசித்து வருகிறேன். இதை ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. மூன்று நாளாக ஆசிரியர் அறையில் உட்கார முடியாமல் நடக்கிறேன். தலைமையாசிரியரோ, "ஆன்சர் கீயில இருக்கறதுதான் சார் விடை. வேலியில போற ஓணானை ஏன் மடியில விட்டுக்கறீங்க?" என்கிறார்.

5. இந்தப் பூஜ்யத்தால் திங்கள் முதல் அவள் வாசிப்புப் பயிற்சிப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே வரலாறு கிடையாது. நான்கு பாடவேளையும் எழுத்துக்கூட்டல். வகுப்பிலேயே நன்றாக வாசித்தவள் அவள்தான், ஐயா.

6. அந்த மாற்றப் பட்டியலையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவளைத் தங்களுக்குத் தெரியாது. பெயரைச் சொல்லி, எதிரே 'மந்தம்' என்று குறித்தவன், அவளைத் தினமும் பார்க்கும் நான். இரண்டு பட்டியலும் ஒன்றல்ல என்று அறிவேன். ஆனாலும் வெட்கமாக இருக்கிறது.

திங்கள் காலை மணியடிக்கும் முன் அவள் பெயரை அடித்துவிட வேண்டுகிறேன். என்மீது நடவடிக்கையைப் பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

இடம்: ஆசிரியர் அறை
நாள்: வெள்ளி, கடைசிப் பாடவேளை

இப்படிக்கு,
(கையொப்பம்)
வரலாற்று ஆசிரியர்

இணைப்பு: மாணவியின் விடைத்தாள். அதிலுள்ள சிவப்பு மை என்னுடையது.