இரண்டு வீட்டுக்கு ஒரு ரிமோட்

அக்கா,

இன்று காலை ரிமோட்டின் பிளாஸ்டிக் உறை கிழிந்துவிட்டது. வாங்கிய அன்றே நீ மாட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய அதே உறைதான். பேட்டரி மாற்றலாம் என்று பிரித்தேன். உள்ளேயிருந்து உன் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இத்தனை நாள் அது பொத்தான்களுக்கு நடுவில் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. கம்பெனி வேன் கீழே மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் கிழிந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு லீவு போட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள்.

வேலை நாளில் இந்தக் கட்டடத்தில் யாரும் இருப்பதில்லை. காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு, ஒன்பது மணிக்கு மேல் எல்லாக் கதவிலும் பூட்டு. குழாய் சொட்டுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. டிவியைப் போட்டால் அந்தச் சத்தம் அடங்கும். ஆனால் டிவியைப் போட்டால் நீ வந்துவிடுகிறாய், அதனால் போடவில்லை.

நான் இங்கே குடிவந்தபோது எனக்கு டிவி இருந்தது, படம் இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவளுக்கு அண்ணன் கொடுத்த ஒரே சீர் அந்த டிவி. வீட்டு ஓனரின் மச்சான்தான் கேபிள்காரர், மாதா மாதம் அவரிடம்தான் கட்ட வேண்டும், என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. வேறு கனெக்‌ஷன் கூடாது, மொட்டை மாடிக்குப் பூட்டு, சுவரில் ஆணி அடித்தால் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார். எதிர் வீட்டில் நீ. ஆரம்பாக்கம் பக்கத்து ஊர்க்காரி, அட்டைப்பெட்டி கம்பெனியில் பசை தடவுகிறவள், வள்ளூர் மின் நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போன புருஷனைப் பறிகொடுத்தவள், ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தவள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் நாள் தெரிந்தது உன் குரல் மட்டும்.

"இன்னாமே, டிவிய தொடச்சித் தொடச்சி வெச்சிக்கினு கீற? அதுல இன்னா மூஞ்சி பாக்கவா?"

மாதக் கட்டணமே இல்லாத டிஷ் ஒன்று இருக்கிறது, ஒரு தடவை வாங்கி மாட்டினால் போதும் என்று உன் கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள். தென்கிழக்கு வானம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுப் பால்கனி வடக்கைப் பார்த்தது. உன் வீட்டுச் சமையலறைப் பால்கனிதான் சரியாகத் தென்கிழக்கு. ஆணி அடிக்க முடியாதே என்றேன். நீ காலியான பெயிண்ட் பக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லியும் சிமெண்டும் கொட்டினாய். இரண்டு நாளில் இறுகிவிட்டது. ஓனரின் சுவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஓனர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஷ்ஷைத் திருப்பினோம். ஆளைக் கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று நாமே இறங்கினோம். நீ பால்கனி வெயிலில், நான் உள்ளே உன் டிவியின் முன்னால். சிக்னல் எத்தனை என்று திரையில் வரும் எண்ணை நான் கத்த வேண்டும்.

"முப்பது! முப்பத்தஞ்சு! போச்சிக்கா!"

"போச்சின்னா சொல்ற? நீ வந்து திருப்பிப் பாரு. கையி வெந்து பூடுச்சிமே எனக்கு!"

ஒரு மணி நேரம். கடைசியில் எழுபது வந்தது. படமும் வந்தது. தகரச் சூட்டில் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே ஓடி வந்து பார்த்தாய். திரையில் ஒருவர் இந்தியில் உரம் விற்றுக்கொண்டிருந்தார். அதற்கே இரண்டு பேரும் கைதட்டினோம்.

டிஷ்ஷுக்கான செட்டாப் பெட்டி ஒன்றுதான் வாங்கினோம். அது உன் வீட்டில். அதிலிருந்து மூன்று கலர் பின் வைத்த நீளமான வயர் ஒன்று உன் கதவு மேல் சந்து வழியாக வெளியே வந்து, படிக்கட்டுத் தளத்தைத் தாண்டி, என் கதவு மேல் சந்து வழியாக என் டிவிக்கு வந்தது. ரிமோட் உன் கையில். நீ எந்த சேனல் வைக்கிறாயோ அதுதான் எனக்கும். நீ மாற்றினால் என் வீட்டிலும் மாறும், நீ அணைத்தால் என் வீட்டிலும் திரை நீலமாகிவிடும்.

இலவசத்தில் தமிழ் சேனல் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மற்றதெல்லாம் இந்தி. நம் இருவருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. அதனால் என்ன, கதையை நீ சொன்னாய். இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, நீ உன் நாற்காலியில், நான் என் பாயில், நடுவில் படிக்கட்டு.

"பாரு பாரு, அந்தப் பச்சைப் பொடவகாரி பால்ல இன்னாவோ கலக்குறா. மருமவள முடிக்கப் போறா. அவ கண்ணப் பாத்தியா?"

"மருந்து கலக்குறாளோ என்னவோக்கா."

"மருந்து குடுக்குறவ ஏன் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு கலக்குறா?"

பேச்சு புரியாத நாடகத்துக்கு அப்படி அழுதவர்கள் திருவள்ளூர் ஜில்லாவிலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

ஓனர் படி ஏறுகிற சத்தம் கேட்டால் ஈர நைட்டி ஒன்றை டிஷ் மேல் போட்டுவிடுவாய். துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். ஈரம் பட்டதும் சிக்னல் குறைந்து என் திரையில் படம் கட்டம் கட்டமாக உடையும். உடனே நான் வயரை இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவேன். உன் வீட்டில் நடப்பது ஒவ்வொன்றும் எனக்குத் திரையில் தெரிந்தது. நீ குளிக்கப் போனால் செய்தி ஓடும். தலைவலி என்றால் சத்தமே இல்லாத பக்திப் படம். விளம்பரம் வந்தால் நீ ஒரு நிமிடம் தாங்க மாட்டாய், நாலு சேனலைத் தாண்டிவிட்டுத் திரும்பி வருவாய். வேலை முடிந்து வந்து திரை துள்ளுவதைப் பார்த்தால், அக்கா வந்துவிட்டாள் என்று காபிக்கு இரண்டு டம்ளர் வைப்பேன். அந்த வயர் வழியாக எனக்கு ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. இதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

நம் கடைசிச் சண்டையும் அந்த ஒரே ரிமோட்டால்தான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தமிழ் சேனலில் பழைய பாட்டு போடுவார்கள். அப்போது உனக்கு அந்தப் பச்சைப் புடவைக்காரி நாடகம் பாதியில் இருக்கும். ஒரு வாரமாவது பாட்டு வை என்று சனிக்கிழமை கேட்டேன். நீ சிரித்தாய். "ஒனக்கு வோணும்னா ஒனக்குன்னு ஒரு பெட்டி வாங்கிக்கோமே." விளையாட்டாகத்தான் சொன்னாய். அன்று கம்பெனியில் ரப்பர் வாஷரில் பிசிறு வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டு, சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். எனக்குச் சுருக்கென்றது.

"பெத்த பொண்ணே உன்ன எட்டிப் பாக்கல. நான் எதுக்கு உன் மூஞ்சில முழிக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

 அன்று ராத்திரி என் திரை வழக்கத்துக்கு முன்பே நீலமாகிவிட்டது.

மறுநாள் காலையில் கதவைத் திறக்காமலே டிவியைப் போட்டேன். உன் நாடகம் தொடங்கியிருந்தது. பதினொரு மணி அடித்ததும் படம் ஒரு துள்ளு துள்ளியது. பாட்டு வந்தது. நீ எனக்காக மாற்றியிருந்தாய்.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும், அக்கா. நாலு எட்டுதான். எனக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தும் வீம்பு விடவில்லை, அவளே வந்து கூப்பிடட்டும் என்று பாயில் சாய்ந்து கிடந்தேன். விளம்பரம் வந்தது. சேனல் மாறவில்லை. அடுத்த விளம்பரம் வந்தது, அப்போதும் மாறவில்லை. எனக்குப் பிடித்த பாட்டு ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். சிரித்தேன்கூட. பாட்டு முடிந்தது. யாரோ விவசாயம் பேசினார்கள். பிறகு ஒரு பெண் எண்ணெய் ஒட்டாத கடாய் விற்க ஆரம்பித்தாள். அதுவும் மாறவில்லை. அக்காவுக்குக் கோபம் அப்படியே இருக்கிறது, ரிமோட்டைத் தூக்கி வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

நாலு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு முதல் ஆளாக இறங்குகிறவள் நீ. நான் இரண்டு நடை தூக்கிவிட்டேன், உன் குடங்கள் வாசலிலேயே இருந்தன. கதவு சும்மா சாத்தியிருந்தது. நீ நாற்காலியில், தலை சுவரோடு சாய்ந்து, மடியில் ரிமோட். உன் திரையிலும் அதே பெண் மறுபடியும் அதே கடாயைத் தட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் என் தோளில்தான் சாய்ந்து வந்தாய். உயிர் போய் ரொம்ப நேரமாகிவிட்டது என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதினொரு மணிக்கு நீ இருந்தாய், அதற்குச் சாட்சி அந்தப் பாட்டு. முதல் விளம்பரத்தில் நீ மாற்றாமல் இருந்தது என் மேல் வைத்த பிரியமா, அல்லது அப்போதே எல்லாம் முடிந்துவிட்டதா? எத்தனையோ தடவை அந்த நாளைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் உனக்கு நெஞ்சு வலித்ததா? என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயா? பாட்டை நான் சத்தமாகவே வைத்திருந்தேன்.

உன் மகள் வந்து எல்லாம் முடித்தாள். அவள் கெட்டவள் இல்லை அக்கா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழுது தீர்த்துவிட்டாள். போகும்போது பெட்டியையும் ரிமோட்டையும் என்னிடம் கொடுத்தாள். "அம்மா போன்ல உங்களப் பத்தித்தான் பேசும் ஆன்ட்டி. எனக்கே பொறாமையா இருக்கும்" என்றாள். அவள் தாயைப் பற்றி நான் சொன்ன வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வேன்? தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

உன் வீட்டில் இப்போது பீகார்க்காரத் தம்பதி. அவன் இரும்புக் கம்பெனியில் ஷிப்டு, அவள் நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாள். பால்கனியில் பக்கெட்டும் டிஷ்ஷும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சைகையிலேயே கெஞ்சிக் கேட்டேன், சரி என்றாள். டிஷ் வயர் அங்கிருந்து என் வீட்டுப் பெட்டிக்கு வருகிறது. பதிலுக்கு நம் பழைய மூன்று கலர் வயரை அவளுடைய டிவிக்கு விட்டிருக்கிறேன். இப்போது ரிமோட் என்னிடம். நான் வைப்பதுதான் அவளுக்கும். அவளுக்கு இந்தி நாடகம் புரிகிறது. அவளுக்கு நான் தீதி, அதாவது அக்கா. ஒரு நாள், நான் கேட்காமலே, அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டாள்: "பச்சை சாடி... புடவை... விஷம் இல்லை தீதி. அம்மா அது. மருந்து கொடுக்குது." எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. எனக்கு அந்தப் பச்சைப் புடவைக்காரி விஷம் வைக்கிறவள்தான். நீ சொன்னதுதான் கதை.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். புரிய வைக்க மூன்று நாள் ஆனது. விளம்பரம் ஓடும்போது சேனல் மாறாமல் இருந்தால் வந்து கதவைத் தட்டு. பாட்டு நன்றாக இருந்தாலும் தட்டு. நமக்குள் சண்டையாக இருந்தாலும் தட்டு. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். போன வாரம் மாவு கரைத்துக்கொண்டிருந்ததில் சேனலை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டாவது விளம்பரம் முடிவதற்குள் வந்து கதவை இடிக்கிறாள், கையெல்லாம் சோப்பு நுரை. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுப்படியில் நின்று அழுதேன்.

புது உறை வாங்கவில்லை. கிழிந்ததையே மறுபடியும் மாட்டி, உன் ரப்பர் பேண்டுகளைப் போட்டுவிட்டேன், வாசனை எத்தனை நாள் இருக்குமோ இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பாட்டு வைக்கிறேன். முதல் விளம்பரம் வந்ததும் உன்னைப் போலவே நாலு சேனல் தாண்டிவிட்டுத் திரும்பி வருகிறேன். எதிர் வீட்டுத் திரையிலும் படம் துள்ளும், அவள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் உன் கதவைத் தட்ட வேண்டும்போல் இருக்கிறது.