முப்பத்து மூன்றாவது பெயர்

9 ஜனவரி 1972, ஞாயிறு

குளிர். எட்டு மணி வரை பனி. சங்கக் கட்டிடத்தின் கிழக்குச் சுவரைச் சுரண்டினேன். பழைய தேர்தல் சின்னங்கள் இரண்டு, ஒரு பேதி மருந்து விளம்பரம். எல்லாம் உதிர்ந்தன. இருபதடி நீளம், எட்டடி உயரம். நம் காலனித் தமிழர்களில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இதில் நினைவுச் சித்திரம். 26ஆம் தேதி திறப்பு.

போன மாதம் வரை சங்கத்தில் ஒருவருக்கும் பட்டாளத்தின் மேல் அக்கறை கிடையாது. சண்டையில் ஜெயித்ததும் பொங்கிவிட்டது. தண்ணீர்க் குழாய்க்கு மூன்று வருஷமாக மனு எழுதுகிறோம். அதற்குச் சுவர் இல்லை.

என்னைப் பிடித்த காரணம்: நான் சனத்நகர் கம்பெனியில் டிராயிங் ஆபீஸ் டிரேசர், படங்களை நகலெடுப்பவன். எழுத்து நேராக வரும்.

தேவை: எனாமல் – கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு. டர்பன்டைன். பிரஷ் – ஒரு அங்குலம், அரை, நம்பர் 4. ஏணி (செயலாளர் தேவராஜ் வீட்டில்).

பெயிண்ட் முழுவதும் ஜெனரல் பஜார் நகைக்கடைச் சேட்டின் உபயம். அப்பா அந்தக் கடை வாசலில்தான் துப்பாக்கியோடு நிற்கிறார். பதினோரு வருஷமாக.

சாயந்திரம் தேவராஜ் பெயர்ப் பட்டியல் கொடுத்தார். டைப் அடித்தது. 32 பெயர். மூன்று தடவை படித்தேன். அப்பா பெயர் இல்லை.

11 ஜனவரி, செவ்வாய்

ஆபீஸில் பம்ப் ஷாஃப்ட் படம். இரண்டு கோடு தடித்துவிட்டது, பிளேடால் சுரண்டித் திரும்பப் போட்டேன். மனசு அங்கே இல்லை.

நாலரை பஸ்ஸில் இறங்கி நேரே சங்கத் தலைவர் வீட்டுக்கு. சுபேதார் ஏகாம்பரம். அப்பா இருந்த அதே யூனிட். பனியன், வெந்நீர்க் குளியல் வாசனை, சீராக ஒதுக்கிய மீசை.

"எங்கப்பா மாசிலாமணி பேரு விட்டுப்போச்சுங்க."

"விட்டுப்போகல தம்பி."

"பதினெட்டு வருஷம் சர்வீஸ்."

"ஃபாலோயர் சர்வீஸ். இது சண்டை போட்டவங்க சுவரு."

ஃபாலோயர். பட்டாளத்தில் துப்பாக்கி இல்லாமல் பின்னால் போனவர்களுக்கு வைத்த பெயர். சமையல்காரர், சலவைக்காரர், துப்புரவு ஆள், நாவிதர். அப்பா நாவிதர். காலனியில் அது ஏகாம்பரத்துக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் காக்கிச் சட்டை போட்ட பழைய சிப்பாய்.

லிஸ்டில் யார் யார் என்று பார்த்தேன். ஸ்டோரில் கம்பளி எண்ணியவர் இருக்கிறார். கர்னல் வீட்டு நாயை நடத்திக்கொண்டு போனவர் இருக்கிறார், அவர் வாயாலேயே சொன்னது. சர்வீஸ் முழுவதும் பூனாவைத் தாண்டாத டிரைவர் இருக்கிறார். அப்பாவுக்கு இடது காது கேட்காது. பர்மாவில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்தது. ஷெல் சிப்பாயா நாவிதனா என்று விசாரித்துவிட்டு விழவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா: "ஃபாலோயர்னா நாயக் பதவிக்கு ஒரு படி மேலன்னு சொல்லித்தாண்டா கட்டிக் குடுத்தாங்க."

அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அந்தச் சுவத்தோட பேச்ச விடு."

"ஏன் விடணும்?"

செவிட்டுக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய வழக்கம்.

14 ஜனவரி, வெள்ளி

பொங்கல். லீவு. முழு நாளும் சுவரில். நூல் அடித்துக் கட்டம் போட்டு, படத்தை அடிக்கு அடி பெருக்கினேன். ஒரு மலை, ஒரு சிப்பாய், ஒரு கொடி. சிப்பாயின் பூட்ஸைத் தேய்ந்து கிழிந்த மாதிரி வரைந்தேன்.

தேவராஜ்: "ஷூ புதுசா இருக்கட்டும் தம்பி. பார்க்கிறவங்க கவர்ன்மென்டைத் தப்பா நினைக்கக் கூடாது." ரயில்வே கிளார்க். வேறு எப்படிப் பேசுவார்.

மற்ற யோசனைகள், வரிசையாக:

"மீசை பத்தாது."

"டாங்கி ஒண்ணு போடு. ரெண்டாப் போட்டாலும் சரி."

"செத்துக் கிடக்கிற எதிரி ஒருத்தன் கால்கிட்ட இருந்தா நல்லாருக்கும்."

சைக்கிளை நிறுத்தி ஒரு தெலுங்குக்காரர்: "இதி ஏ சினிமா?" எந்தச் சினிமா என்று கேட்டார். அவர் ஒருவர்தான் சரியாகப் பார்த்தார்.

பூட்ஸைப் புதிதாக்கினேன். வெட்கக்கேடு.

முதல் பத்தி எழுத்து முடிந்தது. தங்கச்சி கோமதி பொங்கல் கொண்டுவந்தாள். படிப்பது தெலுங்குப் பள்ளி, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "ஹவ். முனுசாமி. ஹவ். அந்தோணி. ஹவ். கன்னியப்பன். ஏன்ணா எல்லாரும் ஹவ் ஹவ்னுட்டு இருக்காங்க?" ஹவில்தாருக்குச் சுருக்கம் என்றேன். இந்த ஊர் உருதுவில் ஹவ் என்றால் ஆமாம். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆமாம் போட்டவர்களின் பட்டியல். இதைவிடச் சரியான தலைப்பு எனக்குத் தோன்றாது.

20 ஜனவரி, வியாழன்

அரை நாள் லீவு. வெயில், நல்ல காய்ச்சல். மூன்று பத்தியும் முடிந்தது. பதினொன்று, பதினொன்று, பத்து. மூன்றாவது பத்தியின் அடியில் ஒரு வரி காலி. படம் வரைகிறவனுக்கு அது உறுத்தும்.

எழுதினேன். மற்றவர்களுக்குப் போட்ட அதே மூன்றங்குல எழுத்து, அதே கறுப்பு. மற்றவர்கள் பெயருக்கு முன்னால் பதவி. இங்கே தொழில்.

நாவிதர் மாசிலாமணி.

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கமிட்டி கூடும், கமிட்டி கூடினால் டீ வரும், டீக்குப் பிறகு 'மற்றவர்கள்' என்று கீழே பொடி எழுத்தில் போடச் சொல்வார்கள். அந்தப் பொடி எழுத்துக்கு நான் ஆள் இல்லை.

21 ஜனவரி, வெள்ளி

பஸ் ஸ்டாப்பில் தேவராஜ் ஓடி வந்தார். "என்ன காரியம் பண்ணிட்டே தம்பி. போய்ப் பாரு, உங்கப்பா அங்கதான் இருக்காரு."

போனேன். அப்பா டியூட்டிக் காக்கியில், குந்தி உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் தன் பெயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. சுவரில் முழ நீளத்துக்குக் கரி. கையெல்லாம் கறுப்பு.

"யாரைக் கேட்டுடா எழுதினே?"

"பொய்யா எழுதினேன்?"

"நெசம். அதனாலதான் கேக்கறேன்."

பிறகு சொன்னார். நின்றுகொண்டே, சுவரைப் பார்த்து. சேட்டு பதினோரு வருஷம் முன்னால் பட்டாளத்து ஆள் வேண்டும் என்றபோது, 'சிப்பாய், துப்பாக்கிப் பழக்கம் உண்டு' என்று கடிதம் எழுதிக் கொடுத்தது ஏகாம்பரம். சேட்டு டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்கவே இல்லை. துப்பாக்கி பிடிப்பது எப்படி என்று ஏகாம்பரம்தான் ஒரு மூங்கில் தடியை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"லிஸ்ட்ல என் பேரு வேணாம்னு நான்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன். சிப்பாய்னு போட்டா இங்க எவனாவது பட்டாளத்து நம்பர் கேப்பான். நாவிதன்னு போட்டா சேட்டுக்குப் படிச்சுச் சொல்ல ஆளா இல்ல? இந்த வயசுல நான் எங்கடா போய் நிப்பேன்?"

என் பஸ் போய்விட்டது. அவருடையதும்.

சாயந்திரம் அம்மாவிடம், "அப்ப ஏகாம்பரம் நல்லவர்தானா?" என்றேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை காலையில உங்கப்பா அவரு வீட்டுக்குப் பழைய கதை பேசவா போறாருன்னு நெனச்சே?" என்றாள்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

23 ஜனவரி, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். ஏகாம்பரம் வீட்டுக் கொல்லைப்புறம், கதவு சாத்தி. ஒரு கதவு இடுக்கு போதும். நாற்காலியில் அவர், கழுத்தில் துண்டு. அப்பா கிண்ணத்தில் சோப்பு நுரைத்துக்கொண்டிருந்தார். தாடை, மீசை ஓரம், அக்குள், பின்கழுத்து, பிறகு கால் நகம். ஒரு வார்த்தை பேசவில்லை இருவரும். பதினோரு வருஷம், வாரம் ஒன்று. அப்பா கை அவ்வளவு சுத்தமாக, வேகமாக ஓடுவதை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கையைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அதற்காக இன்னும் கோபம்.

கதவைத் திறந்தேன்.

ஏகாம்பரம் திடுக்கிடக்கூட இல்லை. "வாப்பா. உனக்கும் முடி காடா வளர்ந்திருக்கு. மாசிலா, பையனுக்கும் ஒரு கை போட்டுவிடேன்." உண்மையிலேயே அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போடா," என்றார்.

சுவரில் கரி இருந்த இடத்தை வெள்ளையடித்து மறைத்தேன். அந்த வரியில் 'ஜெய்ஹிந்த்' போடச் சொல்லி தேவராஜ் உத்தரவு. போட்டேன்.

26 ஜனவரி, புதன்

திறப்பு. மைக் பாதி நேரம் கொய்யென்று கத்தியது. பேச்சாளர் நான்கு பேர். தியாகம் என்ற சொல் பதினேழு தடவை, விட்டுப்போனது இருக்கலாம்.

சேட்டு காரில் வந்தார். கடை லீவு, ஆனாலும் அப்பாவைக் காக்கியோடும் துப்பாக்கியோடும் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அழகுக்கு. ஏகாம்பரம் கோட்டில் மெடல்கள். தேவராஜ் திரைச்சீலையை இழுத்தார், பாதியில் சிக்கி, கோமதி ஏறி அவிழ்த்தாள். கைதட்டல்.

சேட்டு சுவர் அருகில் போனார். தமிழ் படிக்கத் தெரியாது. கையில் பெரிய சாமந்தி மாலை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஹமாரே பௌஜி கா நாம் கிதர் ஹை?" என்றார். எங்கள் பட்டாளத்துக்காரர் பெயர் எங்கே?

தேவராஜ் மைக் ஒயரைச் சரிபார்க்கப் போய்விட்டார். அப்பா விறைப்பாக நேரே பார்த்தபடி.

நான்தான் எழுதியவன். முன்னால் போய் முதல் பத்தியின் முதல் பெயரில் விரல் வைத்தேன்.

"யஹீ ஹை சேட்ஜி. மாசிலாமணி."

சுபேதார் ஏகாம்பரம் என்று எழுதியிருந்தது.

சேட்டு முகம் மலர்ந்தது. எல்லோருக்கும் மேலேயா? முன்னால் இருக்கும் சொல் என்ன? சுபேதார் என்றேன். சேட்டு ஏகாம்பரத்திடம் திரும்பி, கடிதத்தில் சிப்பாய் என்றுதானே எழுதினீர்கள் என்று கேட்டார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். கடிதம் அவர் கையெழுத்து.

"பாத் மே பிரமோஷன் ஹுவா," என்றார். பின்னால் பதவி உயர்வு கிடைத்ததாம்.

அந்தப் பெயரின் மேல் ஆணியில் சேட்டு மாலையை மாட்டிக் கும்பிட்டார். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் முப்பது பேராவது நின்றார்கள். உயிரோடு நிற்கிற ஏகாம்பரத்தின் பெயருக்கு மாலை விழுந்ததைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனைக்கும் சுவரில் நான் எழுத நினைத்தது நிஜம், சொன்னது பொய்.



27 ஜனவரி, வியாழன்

காலையில் தூறல். சம்பந்தமில்லாத பருவத்தில். டிராயிங் ஆபீஸில் ஐந்து படம் முடித்தேன்.

அப்பா ஏழரைக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சேட்டு கடை வாசலில் புதிதாக ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாராம். சுபேதார் சாப் நிற்கக் கூடாது, உட்காருங்கள் என்று அவரே வந்து சொன்னாராம்.

"உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன். மத்தியானம் வரைக்கும்."

"அப்புறம்?"

"ஏகாம்பரம் அந்தப் பக்கமா வந்தாரு. கடைக்கு இல்ல, சும்மா ரோட்டோட. என்னைப் பார்க்கக்கூட இல்ல."

தண்ணீர் குடித்தார்.

"எந்திரிச்சு நின்னுட்டேன்டா. அப்புறம் உட்காரவே வரல."