ஆறாம் நம்பர் பூட்ஸ்

ஜன. 11, ஞாயிறு

மூடுபனி. எதிர் பிளாக்கைக் காணோம். யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். குளியல் ரத்து. கோபம் மட்டும் காலை ஆறு மணிக்கே சூடாகத் தயார்.

காரணம்: வித்யா. அக்கா மகள், இருபத்தாறு வயது, ஏர்லைன்ஸ் வேலை. இரண்டு வருஷம் முன்பு மணாலியில் என்னைச் சறுக்குப் பலகைமேல் நிறுத்தித் தள்ளிவிட்ட மகராசி. அன்றிலிருந்து எனக்குப் பனிப் பைத்தியம். இந்தத் தடவை லிஃப்ட் இருக்கும் சரிவு இல்லையாம். பலகையை முதுகில் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் மலையேறி, அப்புறம் சறுக்க வேண்டும். ஐந்து பேர். அவள் தலைவி.

"மாமா, வாடகை பூட்ஸ்லாம் ஏறுறதுக்கு ஆகாது. ஸ்லிப் ஆகும். சொந்தமா ஒண்ணு பாருங்க. நான் செக் பண்ணுவேன். சரியில்லன்னா நீங்க வரல. கதம்."

கதமாம், முடிந்ததாம்! மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். நாற்பத்தெட்டு வயது. ஒரே கையெழுத்தில் மூன்று மாநிலங்களின் ஃபைல்களைத் தூங்கவைப்பவன். என்னைப் பார்த்துக் கதம்.

அம்மணி போட்ட பட்டியல்:
– அடி கெட்டி, வழுக்கக் கூடாது
– கழுத்து பின்பக்கம் மடங்கணும், இல்லாவிட்டால் எட்டி நடக்க முடியாது
– உள்ளே குதிகால் தூக்கக் கூடாது
– நம்பர் 6

கடைசிது அவமானம். எனக்கும் அவளுக்கும் ஒரே கால் அளவு. இதைச் சொல்லிச் சிரிக்காத கல்யாணப் பந்தி எங்கள் வம்சத்தில் இல்லை.

புறப்பாடு 23 வெள்ளி சாயங்காலம், கஷ்மீரி கேட் பஸ்.

ஜன. 13, செவ்.

குளிர். கன்னாட் பிளேஸ், நாலு கடை. முதல் கடையில் மழை பூட்ஸ். இரண்டாவதில் குதிரைச் சவாரி பூட்ஸ். மூன்றாவதில், "ஆறு நம்பரா? லேடீஸ் செக்‌ஷன் மேல இருக்கு சார்." நாலாவது கடைக்காரன் என் காலையே பார்த்தான். அவன் பரம்பரையே நாசமாய்ப் போக.

வாங்க வேண்டியது: பால் கார்டு. பல்பு 60 வாட்.

ஜன. 15, வியா.

பொங்கல். விருப்ப விடுப்பு. பானை பொங்கியதும் யாம் பஹாட்கஞ்ச் பழைய சாமான் கடைகளுக்குப் புறப்பட்டோம்.

என் மனைவி கோமதி: "நல்ல நாளும் அதுவுமா செத்த வெள்ளைக்காரன் செருப்பைத் தேடியா போறீக?"

வெள்ளைக்காரன் சாகவில்லை. ஊர் திரும்பக் காசில்லாமல் விற்றுவிட்டுப் போயிருக்கிறான். கூடாரங்களுக்கும் கிழிந்த தூக்கப் பைகளுக்கும் அடியில் கிடந்தது. சாம்பல் நிறம், கெண்டைக்கால்வரை உயரம், அசல் பனிப்பலகை பூட்ஸ். நம்பர் ஆறு! கொலம்பஸ்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டான். கடைக்காரன் உடனே விலையை ஏற்றினான். போகட்டும்.

ஆனால் அடி: பஞ்சு மாதிரி. கழுத்து: சிமெண்ட் குழாய். போட்டு நடந்தால் ரோபோ.

ஜன. 17, சனி

முனிர்கா, செருப்புத் தைக்கும் ராம்சரண். பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாபுஜி, இது பூட்ஸா, டேங்க்கா?" கழுத்தை வெட்டு என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டான். "நல்ல சரக்கை வெட்றதா? பாகல் ஹோ க்யா?" எனக்குப் பைத்தியமா என்கிறான்.

ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். ஐ.நா. சபையில் பேசியிருந்தால் இரண்டு போர்கள் நின்றிருக்கும். கடைசியில் வெட்டினான். கழுத்தின் பின்பக்கம் மேலிருந்து நாலு விரல் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு வெட்டு, ஓரம் பிரியாமல் தோல் பட்டி, குறுக்கே பக்கிள் வார். ஏறும்போது வாரை அவிழ்த்தால் கால் மடங்கும். சறுக்கும்போது இழுத்துக் கட்டினால் விறைக்கும். அடியில் மிலிட்டரி பூட்ஸ் ரப்பர், பல் பல்லாக, ஒட்டி, சுற்றிலும் தையல்.

அற்புதம். அவனிடம் சொல்லவில்லை.

ஜன. 18, ஞாயிறு

பரீட்சை. துவாரகா, வித்யா இருக்கும் சொசைட்டி, எட்டு மாடி. முதுகில் பலகை, காலில் டேங்க். மூன்று தடவை ஏறி இறங்க உத்தரவு. நாலாம் மாடி சர்தார்ஜி கதவைத் திறந்து, "பாய் சாப், லிஃப்ட் சல் ரஹீ ஹை" என்றார். லிஃப்ட் ஓடுவது எனக்குத் தெரியாதா!

வித்யா குனிந்து வெட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "வாவ் மாமா. சோல் பாஸ். கழுத்து பாஸ்." பிறகு என் குதிகாலைப் பிடித்து, "தூக்குதே. ஃபெயில்."

உள்ளே தனியாகக் கழலும் பஞ்சு உறை இருக்கிறது, லைனர். அதைச் சூடாக்கி இளக்கிக் காலை விட்டால் காலுக்கு அச்சாகுமாம். பழைய சாக்ஸில் அரிசி நிரப்பி, மைக்ரோவேவில் சூடாக்கி, லைனருக்குள் திணிக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் இல்லை. அவள் சிநேகிதி வீட்டில் இருக்கிறதாம். புதன்கிழமை வித்யா வந்து எடுத்துப் போகிறாளாம். அதுவரை தொடாதீர்களாம்!

ஜன. 20, செவ்.

தலைவலி. ஆபீசில் ஹீட்டர் அவுட்.

சூடுதானே வேண்டும்? எங்கள் வீட்டில் சூட்டுக்கென்றே ஒரு பாத்திரம் உண்டு. தமிழ்ச் சங்க விழாவுக்கு வாங்கிய இட்லிப் பானை, ஒரே ஈட்டில் ஐம்பது. கோமதி கோயிலுக்குப் போயிருந்தாள். வித்யாவின் சாமான்கள் எங்கள் பரணில்தான் இருக்கின்றன, அவள் பூட்ஸும். அவளுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுக்கலாமே என்று அவள் லைனர் இரண்டையும் தட்டில் நிறுத்தி மூடினேன். என்னுடையது அடுத்த ஈட்டுக்கு. இட்லிக் கணக்கு: பன்னிரண்டு நிமிஷம்.

முதலில் உப்பியது. பிறகு பசை விட்டு, துணி தனி, பஞ்சு தனி. ஆறியதும் சுருங்கி, கைக்குழந்தை காலுக்கு ஆயிற்று.

தயாரித்த கம்பெனி அயோக்கியக் கம்பெனி. ஒரு ஆவி தாங்காத பஞ்சு, இமயமலையைத் தாங்குமா?

கோமதி வந்து மூடியைத் திறந்தாள். "இதுலதானே நாளைக்கு வர்ற எம்புள்ள வித்யாவுக்கு இட்லி வைக்கணும்!" பானை தெருவில்.

ஜன. 21, புதன்

வித்யா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் லைனரை அவள் பூட்ஸுக்குள் நுழைத்துப் பார்த்தாள். வேறு கம்பெனி, போகவில்லை. என் பூட்ஸையே முழுசாகப் போட்டுப் பார்த்தாள். அறைக்குள் பத்து நடை.

"நாலு பேர் என்னை நம்பி வராங்க மாமா."

"அதுக்கென்னட்டி. எடுத்துக்கோ."

யார் சொன்னது? என் வாய்தான். சொந்த வாயே சத்ரு.

அந்தி சாய்வதற்குள் சிநேகிதி வீட்டிலிருந்து போன்: அரிசி வைத்தாயிற்று, அவள் காலுக்கு அச்சு கச்சிதமாம். இனி அது என் காலுக்கு ஆகாது. தேடியவன் நான், வெட்டவைத்தவன் நான், எட்டு மாடியை மூன்று முறை ஏறியவன் நான்!

ஜன. 23, வெள்ளி

வெயில், துளி. கஷ்மீரி கேட், வழியனுப்ப. வித்யா பூட்ஸைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். போர்ட்டருடன் சண்டை, டிரைவருடன் சண்டை, கடலைக்காரனுடன் சண்டை. எல்லாம் நான்.

ஜன்னல் வழியாக: "மாமா, ஒண்ணு கேக்கவா? சர்ப்ரைஸ்னா உங்களோடதையும் சேர்த்துத்தானே வெச்சிருப்பீங்க?"

"அது… பானையில இடம் இல்லட்டி."

சிரித்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

பானையில் இடம் இருந்தது.