ஒரே மடிக்கணினிக்கு இரண்டு காவல்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் அதே கதை. பொத்தானை அழுத்திவிட்டுப் போய், பாலைக் காய்ச்சி, ஆற்றிக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு வரி அடித்து முடித்துக் கையை எடுத்த பிறகுதான் முதல் எழுத்தே வந்து விழுகிறது. ஒலிப்பதிவை ஓடவிட்டால் பேசுகிறவர் விக்கல் எடுத்த மாதிரி நின்று நின்று பேசுகிறார். இந்த லட்சணத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தை ஒரு சொல் விடாமல் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். தண்ணீர்த் தொட்டி யார் பொறுப்பு என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

மத்தியானம், இந்தத் தட்டச்சு வேலை தரும் நிறுவனத்து மேலாளர் போன் செய்தாள். "போன தடவையும் லேட்டு, அதுக்கு முந்தியும் லேட்டு. இருபதாம் தேதி சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா இனிமே வேற ஆளுக்குத்தான் குடுக்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

பழைய படங்கள், இவர் இறக்கி வைத்திருந்த பாட்டுகள், எப்போதோ பார்த்த கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அழித்தேன். பாதி இடம் காலியானது. வேகம் மட்டும் வரவில்லை.

காற்று போகும் துவாரத்தைப் பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பஞ்சுமெத்தை மாதிரி தூசி வந்தது. சூடு குறைந்தது. அப்போதும் வேகம் வரவில்லை.

இவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "அதுக்கும் வயசாச்சு, விடேன்" என்றார்.

"வயசாச்சுன்னா? ஓரமா உக்காரணுமா?"

"நான் உக்காரலையா?"

அவருக்குப் பதில் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்தார், மூடினார். "மாத்திடுங்கம்மா. இனி இது தேறாது."

"உள்ள கழட்டிப் பாத்தீங்களா?"

"கழட்டவே வேணாம்மா. வயசைப் பார்த்தாலே தெரியுது."

"அப்ப என்னையும் ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

துணிக்கடையில் ரசீது போட்டுக்கொண்டு நின்றவள் நான். விசைப்பலகைப் படத்தைக் காகிதத்தில் வரைந்து அடுப்புக்கு மேலே ஒட்டி, குழம்பைக் கிண்டிக்கொண்டே சுவரில் தட்டிப் பழகினேன். சொல்லித் தரச் சொல்லிக் கேட்டபோது பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "உனக்கு எதுக்கும்மா?" எதுக்கு என்று இன்றுவரை நான் அவர்களுக்கு விளக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். இந்த வேலை போனால் நான் இந்த வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள். அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று மகளின் முறை. முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் மூத்தவன் வருவான். இரண்டாவதும் நான்காவதும் இவள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. இவர் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டபோது, இங்கேயே ஆபரேஷன் என்று அவன் சொன்னான், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்று என்று இவள் சொன்னாள். வராந்தாவில் ஊரே பார்க்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு பேர் சொன்னதும் நடக்கவில்லை; டாக்டர் சொன்னதுதான் நடந்தது. இவர் எழுந்து நடக்கிறார். சண்டை மட்டும் படுத்தே கிடக்கிறது.

மகள் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிப் போடும்மா. ஒரு டேப்லெட் வாங்கித் தர்றேன். நல்லா படம் பாக்கலாம்" என்றாள்.

படம் பார்க்கவா நான் கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கிறேன்?

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "நான் போட்டுக் குடுத்த செக்யூரிட்டி இருக்கில்ல? எடுத்துடலையே?"

"இருக்கு, இருக்கு."

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். நானே.

எந்தெந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பலகை ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் என் கோப்பைத் திறந்தேன். உடனே சிவப்புக் குடை உச்சிக்குப் போனது. அது மகள் போட்ட செக்யூரிட்டி. அதன் பின்னாலேயே பச்சைக் கேடயம் ஏறியது. அது மூத்தவன் போட்டது. மறுபடி குடை. மறுபடி கேடயம். என் கோப்பு திறக்கவே இல்லை.

இணையத்தில் தேடிப் படித்தேன். ஒரே கணினியில் இரண்டு காவல் மென்பொருள் கூடாதாம். நான் ஒரு கோப்பைத் தொட்டால் குடை அதைச் சோதிக்கிறது. குடை எதையோ தோண்டுகிறதே என்று கேடயம் குடையைச் சோதிக்கிறது. நீ யார் என்னைச் சோதிக்க என்று குடை திரும்பிப் பார்க்கிறது. இவர்கள் மல்லுக்கு நிற்க, என் கோப்பு நடுவில் கிடக்கிறது, அன்றைக்கு வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் இவர் கிடந்த மாதிரி.

மூத்தவன் போட்டபோது நான் மகளிடம் சொல்லவில்லை. மகள் போட்டபோது அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் "அதை முதல்ல எடு" என்பார்கள். இரண்டும் இருக்கட்டும், இரண்டு பூட்டு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். யார் மனதையும் நோகடிக்காமல் இருந்தது ஒரு குற்றமா?

மார்ச் 12, வியாழன்

எடுக்க முடியவில்லை. குடையை நீக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது. கேடயமும் அப்படியே. அம்மா தெரியாமல் எடுத்துவிடுவாளாம், அதனால் பிள்ளைகள் போட்ட பூட்டு. என் வீட்டில், என் மேசையில், என் கணினியில்.

மகளுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். "அவன் போட்டதை எடுக்கச் சொல்லு. என்னோடதுதான் நல்லது" என்றாள்.

"நீயே அவன்கிட்ட சொல்லேன்."

"நான் எதுக்கு அவன்கிட்ட பேசணும்?"

மூத்தவனுக்குப் போட்டேன். "பாஸ்வேர்ட் தர்றேன்மா, தரமாட்டேன்னு சொல்லலை. முதல்ல அவளோடது போகட்டும்."

"எனக்கு இருபதாம் தேதி வேலை போயிடும்டா."

"அதான்மா சொல்றேன். அவகிட்ட கேளு."

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டும் உன்னை மாதிரியே பொறந்திருக்கு" என்றார். என்னை மாதிரியாம். நான் எப்போது பிடிவாதம் பிடித்தேன்?

மார்ச் 13, வெள்ளி

நாள் முழுவதும் உட்கார்ந்து நாலு பக்கம். தண்ணீர்த் தொட்டிச் செயலாளர் இன்னும் தன்னிலை விளக்கத்தையே முடிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மூத்தவன் வந்தான். வந்ததும் நேரே கணினி முன்னால் உட்கார்ந்தான். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவன் குடையைத்தான் நீக்கப் பார்த்தான். அவளுடைய கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தான். அவள் பிறந்த நாள். அவள் படித்த பள்ளிக்கூடம். சின்ன வயதில் அவள் வளர்த்த பூனை.

"பூனை பேரெல்லாம் ஞாபகம் இருக்கு. போன் நம்பர் மட்டும் மறந்து போச்சா?" என்று கேட்டேன்.

"நம்பர் இருக்கும்மா."

"அப்ப போடு."

"அவ எடுக்கமாட்டா."

"நீ போட்டாதானேடா அவ எடுக்கறதும் எடுக்காததும்?"

இன்னொரு கடவுச்சொல்லை அடித்தான். தப்பான கடவுச்சொல் பல தடவை போட்டதால் குடை பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அது ஒன்றுதான் இன்று நடந்த முன்னேற்றம். சாப்பிட்டான், போய்விட்டான். போகும்போது, "நீ கவலைப்படாத, புதுசு வாங்கிடலாம்" என்றான்.

எனக்குப் புதுசு வேண்டாம். எனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்கிறார்களா? அவனுடையது இருக்க வேண்டும், அவளுடையது போக வேண்டும். அவளுடையது இருக்க வேண்டும், அவனுடையது போக வேண்டும். நடுவில் நான் என்ன, மேசையா?

மார்ச் 16, திங்கள்

காலையிலிருந்து படித்தேன். அமைப்புகளுக்குள்ளே ஒரு இடம் இருக்கிறது. என் கோப்புகளை வைத்துக்கொண்டு, மேலே போட்ட மென்பொருள் அத்தனையையும் துடைத்துவிட்டு, கணினியை வந்த புதிதில் இருந்தது போல ஆக்கிவிடலாம். அதற்கு யார் கடவுச்சொல்லும் வேண்டாம். பிழைத்தால் பிழைக்கும். நடுவில் நின்றுவிட்டால் மொத்தமும் போகும், இருபதாம் தேதியும் போகும்.

பயமாகத்தான் இருக்கிறது. கைவலிக்க அடித்ததை எல்லாம் பென்டிரைவில் ஏற்றினேன். ஏறிவிட்டதா என்று திறந்து பார்த்தேன். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தேன்.

இரண்டு பேரில் ஒருவர் பக்கம் நான் சாயமாட்டேன். சாய்ந்தால் மற்றது ஞாயிற்றுக்கிழமையும் வராது.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் ஆரம்பித்தேன். முதலில் நன்றாகத்தான் போனது. அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்றது.

சமைத்தேன். அறுபத்து நான்கு. சாப்பிட்டோம். அறுபத்து நான்கு. துணி காயப்போட்டேன், பாதி ஈரத்திலேயே எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் மறுபடி காயப்போட்டேன்.

"ஆஃப் பண்ணிட்டுப் போடேன்" என்றார் இவர்.

"கையை வெச்சீங்கன்னா பாருங்க."

"நான் எங்க வெச்சேன்? சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாதீங்க. இந்த வீட்ல எல்லாரும் சும்மா சொல்லித்தான் எனக்கு இந்தக் கதி."

அவர் எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேலி எதுவும் செய்யவில்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர்தான் முதலில் பார்த்தார். "அறுபத்தஞ்சு" என்றார்.

வெயில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. குடை இல்லை. கேடயம் இல்லை.

மார்ச் 18, புதன்

நான் அடித்த உடன் எழுத்து வருகிறது. விரல் எடுப்பதற்குள் வருகிறது. கணினியோடு கூடவே வந்த காவல் ஒன்று உள்ளே இருக்கிறது. சத்தம் போடாமல் அதன் வேலையைப் பார்க்கிறது. அதுவே போதும் என்று படித்தேன், அதை மட்டும் இயக்கி வைத்திருக்கிறேன்.

தமிழ் விசைப்பலகை, ஒலியைப் பின்னால் தள்ளும் குறுக்குவழி எல்லாவற்றையும் திரும்ப அமைக்க அரை நாள் போனது. மீதி அரை நாளில் பதினொரு பக்கம். பொருளாளர் வெளிநடப்பு செய்துவிட்டார்.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

மத்தியானமே அனுப்பிவிட்டேன். "கிடைச்சதும்மா. அடுத்தது திங்கள் வரும்" என்று மேலாளர் இரண்டே வாக்கியம் அனுப்பினாள். முந்தின தாமதத்துக்கெல்லாம் பத்து நிமிடம் பேசத் தெரிந்தது. போகட்டும். திங்கள் வரும் என்றாளே.

மார்ச் 22, ஞாயிறு

மகள் வந்தாள். கணினியைத் திறந்தாள். முகம் மாறியது.

"என்னோடது எங்கம்மா?"

"எடுத்தாச்சு."

"அவன் சொல்லி எடுத்தியா? அவனோடது மட்டும் இருக்கா?"

"அதுவும் எடுத்தாச்சு."

நம்பவில்லை. எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்தாள்.

"பாஸ்வேர்ட் இல்லாம எப்படிம்மா எடுத்த?"

"படிச்சேன். எடுத்தேன்."

"எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டேனே. ரெண்டு பேரும் என்ன சொன்னீங்க?"

சாப்பிட்டுவிட்டுக் கீழே போனாள். ஜன்னலில் இருந்து பார்த்தேன். வண்டியை எடுக்காமல், எதிர்க்கடை நிழலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஆபீஸ் விஷயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் இவளை விடமாட்டார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

புதிய ஒலிப்பதிவு. ஒரு கல்லூரி ஆசிரியர் கூட்டம். மெதுவாக, முறை வைத்துப் பேசுகிறார்கள். எனக்குத் தூக்கம் வருகிறது.

மார்ச் 26, வியாழன்

மூத்தவன் போன் செய்தான். எடுத்ததும் பொரிந்தான். "என்னம்மா நீ, ரெண்டையும் எடுத்துட்டியாமே? ஒன்னு கிடக்க ஒன்னு ஆச்சுன்னா?"

"யார் சொன்னது?"

"அவதான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணா."

அவனே தொடர்ந்தான். "நேத்தும் பேசினோம். உன்னை இப்படியே விட்டா சரிப்படாது. எதை வெச்சுக்கறதுன்னு நாங்களே பாத்து முடிவு பண்ணிட்டோம். இந்த ஞாயித்துக்கிழமை வர்றோம்."

"முடிவு பண்ண நீங்க யாருடா? என் கம்ப்யூட்டர்."

"அதையும் வந்து பேசிக்கலாம்."

வைத்துவிட்டான். இவரிடம் சொன்னேன். "ரெண்டும் சேர்ந்துக்கிட்டு என்னைத் திட்ட வருதுங்க" என்றேன். இவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் ஆடியது.

நாளை மறுநாள் கழித்து வருவது ஐந்தாவது ஞாயிறு. யார் முறையும் இல்லை. வரட்டும். இம்மியும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இந்த வீட்டில் நல்ல நாற்காலி மூன்றுதான் இருக்கிறது. இதுவரை நாலாவது தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.