அறுபது நர்ஸ்களும் ஒரு கறுப்புத் திரையும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடும் ஓரளவு பேச்சுவார்த்தையோடும் இருக்கிறோம், கம்ப்யூட்டரும் இன்று காலை முதல் நலம். நீ அங்கே இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தலையணைக்குப் பக்கத்தில் செல்போனை வைக்காமல் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அம்மா இந்தக் காகிதத்தைக் கத்தரித்துவிடுவாள், எதிரே கத்தரிக்கோலோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அதைக் கொன்றது நீ என்று நான் உன் அம்மாவிடம் சொன்னேன். உன் பெண் அங்கிருந்தே இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்து புதிதாக எதையோ ஏற்றினாள், அது பாதியில் படுத்துவிட்டது என்று, கண் சிமிட்டாமல், அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன். அதோடு விட்டேனா, "புள்ள ரொம்ப நொந்துபோயிருக்கா, நீ வேற கேட்டு அழ வெச்சிடாத" என்று ஒரு பூட்டையும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அம்மா "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்று மூன்றே வார்த்தையில் முடித்தது அதனால்தான். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று நீ எனக்குத் தகவல் அனுப்பிக் கேட்டாய், நான் கழுத்து வலி என்று பதில் போட்டேன். அவளுக்குக் கழுத்தில் ஒன்றுமில்லை மகளே. வலி நான்தான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு மாதமாகவே அந்தக் கம்ப்யூட்டர் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து, புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, இப்போதே ஏற்றலாமா பிறகு ஏற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே கிடையாது, கவனித்தாயா. வீட்டு வாசலில் வந்து நிற்கும் விற்பனைக்காரர்கூட மூன்று தடவை விரட்டினால் போய்விடுவார், இது போகாது. நானும் பிறகு, பிறகு என்று அமுக்கிக்கொண்டே வந்தேன். செவ்வாய்க்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக்கு மாதிரித் துணி காட்டப் போயிருந்தாள், நான் அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு அவள் தையலுக்குத் துணி வெட்டும் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிய ஒரே ஒரு சீட்டு பாக்கி. சரியாக அந்தச் சீட்டின் மேல் வந்து உட்கார்ந்து இப்போதே ஏற்றலாமா என்றது. இப்போதே ஏற்றித் தொலை என்று அமுக்கினேன். ஆனால் ஒன்று, நீ கிளம்பும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போன முறைப்படிதான் செய்தேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அப்புறம் இரண்டு மணி நேரம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. "உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம்" என்று இங்கிலீஷில் போட்டது. செய்கிறோமாம். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இந்த நாங்கள்? அந்த மரியாதையைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கழுத்தை அறுக்கப் போகிறவன் காலரைச் சரிசெய்துவிடுவது போல ஒரு மரியாதை. நூறு விழுக்காடு என்று காட்டி, இதோ மறுபடி துவங்குகிறேன் என்று சொல்லிவிட்டு அணைந்தது. துவங்கவில்லை. கறுப்புத் திரை, அதில் வெள்ளையாக ஒரு வரி, டிஸ்குகளையோ செருகிய வேறு பொருள்களையோ எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கவும் என்று. நான் பொத்தானை அமுக்கினேன். அதே வரி மறுபடி வந்தது. வேறு பொத்தானை அமுக்கினேன், அதே வரி. எல்லாப் பொத்தானையும் ஒருதரம் அமுக்கிப் பார்த்தேன், கேள்விக்குறி உட்பட. அணைத்துப் போட்டேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், மண்டையில் தட்டினேன், கெஞ்சினேன், உன் அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் பேசாத விதத்தில் கெட்ட வார்த்தையும் பேசினேன். அது அசையவில்லை.

எனக்குப் பயம் சீட்டாட்டத்துக்காக இல்லை. அறுபது நர்ஸ்களின் அளவும் அதற்குள்தான் இருந்தது. அந்தச் சீருடை ஆர்டரை அம்மா எப்படி வாங்கினாள் என்று உனக்குத் தெரியும், கடைத்தெருவில் இருக்கும் அந்த மூன்று மாடிக் கடையோடு போட்டி போட்டு வாங்கினாள், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைப்பேன் என்று சொன்னதற்காகத்தான் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஷிப்டு மாறும் நேரமெல்லாம் நர்ஸ்களின் ஓய்வறையில் போய் நின்று, துண்டுச் சீட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து நீ போட்டுக் கொடுத்த அட்டவணையில் ஒவ்வொன்றாக ஏற்றி, ஏற்றிய சீட்டைக் கிழித்துப் போட்டாள். சீட்டு வேண்டாம், கம்ப்யூட்டர்ல இருந்தா தொலையாது என்று சொன்னது யார் என்று நான் இப்போது கேட்கவில்லை. திங்கட்கிழமை துணி வெட்ட ஆரம்பிக்க வேண்டும், ஒன்றாம் தேதி அறுபது பேரும் புதுச் சீருடையில் வார்டுக்குள் நுழைய வேண்டும் என்பது பேச்சு. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது உன் பெயர்.

மறுநாள் உன் மாமாவை வரவழைத்தேன். அக்காவுக்கு ஒன்று என்றால் ஓடி வந்துவிடுவார், வந்த பிறகு அக்காவுக்கு இரண்டாகிவிடும். அவர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீபோர்டுல ஏதோ பட்டன் சிக்கிக்கிட்டிருக்கு என்று கண்டுபிடித்தார். அந்த வெள்ளை வரி என்ன சொல்கிறது என்று கேட்டேன். "அது எல்லாருக்கும் பொதுவா போடறது மச்சான், அதையெல்லாம் படிச்சுக்கிட்டு" என்றார். முப்பது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான், ஊரார் எழுதியதையெல்லாம் கூலிக்குப் படித்துப் படித்து, சும்மா கிடைப்பதைப் படிக்கக்கூடாது என்று ஒரு வைராக்கியமே வந்துவிட்டது, அதனால் அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. கீபோர்டைக் கவிழ்த்து அம்மாவின் வெள்ளைத் துணிமேல் தட்டினார். என்ன விழுந்தது என்று எழுதவே கூசுகிறது. பிஸ்கட் தூள், நூல், செத்த எறும்பு ஒரு குடும்பம், ஒரு பாதி மாத்திரை, அப்புறம் நகம். ஒன்றிரண்டு இல்லை, ஒரு தேக்கரண்டி நகம். யார் நகம் என்று உன் மாமா கேட்டார். சீட்டாடும்போது ஒரு கை சும்மா இருக்கிறதே என்று நகம் வெட்டிக்கொள்வது என் வழக்கம். அம்மா அந்தத் துணியை நான்கு முனையும் பிடித்துச் சுருட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொண்டுபோய் வெளியே கொட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அருவருத்து நான் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை, முதல் தடவையும் என்னைப் பார்த்துத்தான். சுத்தம் செய்த கீபோர்டை மாட்டினோம். அதே வரி.

வெள்ளிக்கிழமை ரிப்பேர்காரர் வந்தார். அவருக்கு முன்னால் அவர் வயிறு வந்தது, அதனால் குனிகிற வேலை எதுவும் அவர் வைத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது, நாற்காலியில் சாய்ந்தபடியே வைத்தியம். அம்மா வைத்த பிஸ்கட்டைத் தின்று, விரலை நக்கி, அந்த விரலாலேயே திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், அப்பாடா வேலையை ஆரம்பிக்கிறார் என்று பார்த்தால் அதைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். குடைந்ததைப் பார்த்தார். துடைத்த இடம் அம்மாவின் மேஜை விளிம்பு. பிறகு, "டிஸ்க் போயிடுச்சு சார், உள்ள இருக்கறது ஒண்ணும் தேறாது, மொத்தமா வழிச்சிட்டுப் புதுசா ஏத்தித் தரேன், திங்கக்கிழம பத்து மணிக்கு வந்து தூக்கிட்டுப் போறேன்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். வழிப்பது என்றால் என்னவென்று தெரிந்துதான் ஆட்டினேன், அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. எல்லாம் அழிந்துவிட்டால் யார் எதை அமுக்கினார்கள் என்பதும் சேர்ந்து அழிந்துவிடும் என்று ஒரு அற்ப நினைப்பு.

அம்மா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள், முதலிலிருந்து அளவெடுக்க. பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஓய்வறைக்குள் என்னை விடமாட்டார்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு ஓரமாக எல்லாம் காதில் விழுந்தது. தலைமை நர்ஸ், "ஏற்கெனவே எடுத்தீங்களே அதை என்ன பண்ணீங்க, இதுக்குத்தான் பெரிய கடைக்குக் குடுக்கலாம்னு சொன்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மா, "என் பொண்ணு தெரியாம பண்ணிட்டாம்மா, சின்னப் பொண்ணு" என்றாள். உனக்கு இருபத்தெட்டு வயது. நான் மடியில் இருந்த பையின் வாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அது நான் என்று சொல்லக் கதவு இரண்டடி தூரம்தான், நான் போகவில்லை. ராத்திரி வேலை முடித்து வந்த ஒரு நர்ஸ் கையை விரித்து நின்றபடியே தூங்கிவிட்டாராம். இன்னொருத்தருக்கு மூன்று வாரத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது, "டேப்பு சுருங்கிடுச்சா அக்கா" என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாளில் இருபத்திரண்டு பேர். மிச்சம் முப்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மா ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள், மூன்று தடவையும் நூல் துளைக்கு வெளியே போனது, நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில்தான் நீ போன் செய்தாய்.

இன்று திங்கட்கிழமை. பத்து மணிக்கு ரிப்பேர்காரர் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். நம் வீட்டிலிருந்து எந்தச் சாமானும் அழுக்கோடு வெளியே போகக்கூடாது என்பது உன் அம்மாவின் சட்டம், பழைய பேப்பரைக்கூட உதறித்தான் போடுவாள். ஒன்பதரைக்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது அல்லவா, அங்கே வெட்டுத் துணியும் பஞ்சும் நூலும் சேர்ந்து ஒரு பறவைக்கூடு மாதிரி இருந்ததாம். கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று நான் மேலே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன், அதே கறுப்பு, அதே வரி. அடியிலிருந்து, "என்னங்க, இது என்ன, வால் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு" என்று குரல் வந்தது. பிடுங்கி மேலே நீட்டினாள், விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். அவள் சொன்னாள், "அதுல எழுதியிருக்குல்ல, இருக்கறதை எடுத்துட்டு அமுக்கச் சொல்லி. இப்ப அமுக்குங்க." அமுக்கினேன். வட்டம் சுற்றியது. சுற்றி, வரவேற்கிறோம் என்றது. ஆறு நாளாக அந்த வரி வேறெதையும் சொல்லவில்லை மகளே, இருப்பதை எடு, எடு, எடு என்று கொட்டை எழுத்தில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம், கம்ப்யூட்டர் அந்தப் பென் டிரைவுக்குள் துவங்குவதற்கு ஏதாவது இருக்குமென்று நம்பித் தேடித் தேடிப் பார்த்திருக்கிறது. அறுபது பேரும் அட்டவணையில் அப்படியே வரிசையாக இருந்தார்கள், இடுப்பு கூடியவர் பழைய இடுப்போடு.

அம்மா அட்டவணையை மேலிருந்து கீழ் வரை பார்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "அவ அங்கேருந்து கெடுத்தான்னா, இங்க சுவத்துப் பக்கம் இதைச் செருகினது யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் விட்டத்தைப் பார்த்தேன், அங்கே எனக்கு உதவியாக எதுவும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்து, "டைப் அடிக்க வேணாம், கையால எழுதுங்க, முதல் பாராவுலேயே இருக்கணும்" என்றாள். இது உனக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து அவளே உனக்குப் போன் செய்வாள், எடுத்துவிடு, மூன்று வார்த்தையோடு நிறுத்தமாட்டாள். தலைமை நர்ஸிடம் நாளைக்கு நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டுமாம், அதுவும் உத்தரவு. ரிப்பேர்காரர் பத்தரைக்கு வந்து, தானாகவே சரியாகிவிட்டது என்று கேட்டதும் அப்படியெல்லாம் ஆகாதே என்று வருத்தப்பட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டோடு போனார். உன் மாமா தெருவில், தான் கீபோர்டைத் தட்டியதுதான் இப்போது வேலை செய்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. புதிய பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், அந்தச் சீட்டாட்டம் இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் பற்பசை விளம்பரம் காட்டுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. இதற்காகவா இத்தனை பாடு.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், என் குணத்தில் ஒன்றும் உனக்கு ஒட்டாமல் இருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே. வரும்போது அம்மாவுக்கு அங்கே கிடைக்கும் நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வா, மறக்காதே, இருக்கிறதை நான் காகிதம் வெட்டி மழுக்கிவிட்டேன், அது இன்னும் அவளுக்குத் தெரியாது என்று எழுதும்போதே எதிரே படித்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன்மேல் பழி போட்ட, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா

பி.கு: அம்மா படித்து, சரி என்று உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள், நான் மதியம் அச்சகத்தில் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தப் பென் டிரைவ், நீ கிளம்பும்போது "அப்பா, எதையும் அமுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அதுதான். செவ்வாய்க்கிழமை ஞாபகமாக எடுத்துச் செருகினேன், செருகிவிட்டால் கம்ப்யூட்டரே படித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆகவே கம்ப்யூட்டரைத் தடுத்து நிறுத்தியது நீ கொடுத்ததுதான், நான் அம்மாவிடம் சொன்னது முழுப் பொய் இல்லை என்று உனக்குக் காட்டலாமென்று இப்போது இங்கே அதைத் திறந்து பார்த்தேன். முதல் வரி: "அப்பா, இதைப் படிச்சு முடிச்சதும் மறக்காம கழட்டிடுங்க, இல்லேன்னா கம்ப்யூட்டர் மறுபடி ஸ்டார்ட் ஆகாது."